நிலவைத் திரையாக்கிய ஐந்து நிமிடங்கள்

1054 ஜூலை 4ஆம் நாள், ரிஷப ராசியின் திசையில் தோன்றிய புதிய விண்மீன் ஒன்றைச் சீன வானியலர் பதிவு செய்தனர். 23 நாட்கள் அது பகலிலும் தெரிந்தது. இரவு வானிலிருந்து முற்றும் மறைய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தச் சூப்பர்நோவா வெடிப்பின் எச்சமே இன்று நண்டு நெபுலா எனப்படுகிறது.

விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் புவியின் வளிமண்டலம் உட்கவர்ந்துவிடும். ஆகவே அவற்றைக் காண, கருவி வளிமண்டலத்துக்கு மேலே சென்றாக வேண்டும். 1963இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் குழு அனுப்பிய ராக்கெட், நண்டு நெபுலாவிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதைக் கண்டது. அவை புறப்படும் இடம் எது? வெடித்த விண்மீனின் கருவாக எஞ்சிய நியூட்ரான் விண்மீனா, பரந்து கிடக்கும் முகிலா? நியூட்ரான் விண்மீன்கள் இருக்கக்கூடும் என்று வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் 1934இல் எழுதியிருந்தனர். முப்பது ஆண்டுகள் கழிந்தும் ஒன்றுகூடக் கண்டறியப்படவில்லை. அக்காலக் கருவிகளோ உருவம் காட்டும் திறனற்றவை.

விடை காண அக்குழு நிலவை நாடியது. 1964 ஜூலை 7ஆம் நாள் நிலவு அந்நெபுலாவை மறைத்துக் கடக்கவிருந்தது. கதிர் ஒரே நொடியில் அணைந்தால் அதன் மூலம் ஒரு புள்ளி. சிறுகச் சிறுகத் தேய்ந்தால் அது பரந்தது. இத்தகைய வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும். ராக்கெட் மேலே இருப்பதோ ஐந்து நிமிடங்களே. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து ஏரோபீ ராக்கெட் குறித்த வேளையில் புறப்பட்டது. கதிர் சட்டென்று அணையவில்லை, படிப்படியாகத் தேய்ந்தது. மூலத்தின் அகலம், நிலவின் தோற்ற அகலத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. ஆகவே கதிர் வீசுவது நியூட்ரான் விண்மீன் அல்ல என்ற முடிவுக்குக் குழு வந்தது.

அளவீடு சரியானது, அதிலிருந்து பெற்ற முடிவோ பாதி உண்மை. 1968இல் அந்நெபுலாவின் நடுவே, நொடிக்கு முப்பது முறை துடிக்கும் பல்சார் ஒன்று ரேடியோ அலைகளில் கண்டறியப்பட்டது. பல்சார் என்பது சுழலும் நியூட்ரான் விண்மீனே. 1969இல் ஃப்ரீட்மன் குழுவின் மற்றொரு ராக்கெட் அத்துடிப்பை எக்ஸ் கதிர்களிலும் கண்டது. மொத்தக் கதிரில் அதன் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடு. எஞ்சியது, முகிலின் காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள் உமிழ்வது. அந்த எலக்ட்ரான்கள் விரைவில் ஆற்றலை இழப்பவை. 1054இல் பெற்ற ஆற்றல் இன்றுவரை நீடிக்க வழியில்லை. அவற்றுக்கு ஓயாது ஆற்றல் ஊட்டுவது அந்தப் பல்சாரே. ஒளிர்வது முகில், ஒளிரச் செய்வது விண்மீன். இதுவா அதுவா என்று கேட்ட கேள்விக்கு இரண்டுமே விடையாயின.

2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டும் இதே நண்டை நோக்கியது. எக்ஸ் கதிரின் அதிர்வுத் திசையைக் காட்டும் தளவிளைவை அது அளந்தது. பல்சாரின் கற்றை நம்மை நோக்காத இடைவேளையிலும் தளவிளைவு மாறுகிறது என்ற முடிவு 2017இல் வெளியானது. முகில் மட்டுமே ஒளிர்வதாகக் கருதப்பட்ட வேளை அது. விண்மீன் எங்கே முடிகிறது, முகில் எங்கே தொடங்குகிறது என்ற 1964இன் கேள்வி இன்னும் அடங்கவில்லை.