மூர் மார்க்கெட்

மூர் மார்க்கெட் என்பது சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து இயங்கிய, பழைய பொருள் வணிகத்துக்குப் பெயர்பெற்ற பொதுச் சந்தை. பிராட்வேயில் சுகாதாரக் குறைவுடன் நடந்துவந்த சந்தைக்கு மாற்றாகத் திட்டமிடப்பட்டது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார், 1900இல் திறக்கப்பட்டது. செங்கல் கட்டடம் இந்தோ-சாரசனிக் பாணியில், நடு முற்றத்தைச் சூழ்ந்து அமைந்தது.

புதுச் சரக்குக் கடைகளும் வளர்ப்புப் பிராணிக் கடைகளும் இருந்தபோதும், சந்தையின் தனித்தன்மை மறுவிற்பனையே. கிராமபோன் இசைத்தட்டுகள், மரச்சாமான்கள், கலைப்பொருள்கள் ஆகியவை பேரம் பேசி விற்கப்பட்டன. பழைய புத்தகக் கடைகள் இவற்றுள் முதன்மையானவை: பாடநூல்கள், ஆங்கில நாவல்கள், வார இதழ்களிலிருந்து பிரித்துத் தைத்த தொடர்கதைத் தொகுப்புகள் எனப் பலவும் கிடைத்தன. படித்து முடித்ததை விற்று வேறொன்றை வாங்கும் வழக்கத்தால் ஒரே பிரதி பல கைகளுக்குச் சென்றது. மறுபயன்பாடு சுற்றுச்சூழல் கொள்கையாகப் பேசப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, அதை அன்றாட வாழ்க்கைமுறையாக நடத்திக்காட்டியது இச்சந்தையின் தலையாய சிறப்பு. புதிய நூல் வாங்க இயலாத மாணவர்களுக்கு இது நூலகத்துக்கு நிகரான துணையாக விளங்கியது.

1985 மே 30 அன்று ஏற்பட்ட தீவிபத்தில் கட்டடம் அழிந்தது. ஈடுசெய்ய இயலாத அரிய நூல்களும் எரிந்தன. வணிகர்களுக்கு அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்தில் இடம் வழங்கப்பட்டது. பழைய இடத்தில் எழுந்த புறநகர் ரயில் முனையம் மூர் மார்க்கெட் வளாகம் என்றே அழைக்கப்படுகிறது.