ஆணையும் மண்ணும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) துப்பாக்கியால் மட்டும் நடந்ததன்று, ஆணைகளாலும் நடந்தது.

1863 சனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளின் அடிமைகளுக்கே விடுதலை கூறிற்று. ஒன்றியத்தை விட்டு விலகாத கென்டக்கி முதலிய மாநிலங்களின் அடிமைகளுக்கு அது பொருந்தவில்லை.

1865 சனவரி 12 அன்று, சவானா நகரில் கறுப்பினச் சமயத் தலைவர் இருபதின்மர் தளபதி செர்மனைச் சந்தித்தனர். தங்களுக்கு வேண்டுவது சொந்த நிலமே என அவர்கள் சார்பில் காரிசன் பிரேசியர் உரைத்தார். நான்காம் நாள் 15ஆம் எண் சிறப்புக் கள ஆணை பிறந்தது: தென்கிழக்குக் கடலோரத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை நிலம். ஏறத்தாழ 40,000 பேர் குடியேறி உழுதனர்.

சூன் 19 அன்று தளபதி கிரேஞ்சரின் 3ஆம் எண் பொது ஆணை டெக்சாஸ் மாநிலத்தில் விடுதலையை அறிவித்தது. பிரகடனம் அங்கு நடைமுறைக்கு வர இரண்டரை ஆண்டு ஆயிற்று. விடுதலை பெற்றோர் இருந்த இடத்திலேயே இருந்து கூலிக்கு உழைக்குமாறும் அவ்வாணையே அறிவுறுத்திற்று.

லிங்கன் கொலையுண்டபின் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்சன், அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் செர்மனின் ஆணையைச் செயலிழக்கச் செய்தார். உழுதவர் கைநிலம் பெரும்பாலும் பழைய உடைமையாளரிடமே மீண்டது.

சூன் 19, 2021இல் அமெரிக்கக் கூட்டரசின் விடுமுறை நாளாயிற்று. அந்த 40 ஏக்கரோ, நிறைவேறா வாக்குறுதியைச் சுட்டும் வழக்குத்தொடராக மட்டுமே எஞ்சிற்று. சொல்லைப் போற்றும் நாம், சொல்லுக்குப் பின்னே மண் உண்டா என்றும் வினவுதல் வேண்டும்.