பண்டல் பில் என்னும் சாட்சி

சிவகாசித் தீப்பெட்டித் தொழில் ஒரு சுங்கவரியின் நிழலில் வளர்ந்தது. 1922இல் பிரிட்டிஷ் இந்திய அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு குரோஸுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. 144 பெட்டிக்கு 24 அணா, அதாவது பெட்டிக்கு இரண்டு தம்பிடி. கஜானாவை நிரப்பப் போட்ட வரி அது; ஆனால் உள்நாட்டில் தீப்பெட்டி செய்பவருக்கு அதுவே மதிலாக நின்றது. அதே ஆண்டில்தான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். மறு ஆண்டு திரும்பிவந்து ஊரில் தொழில் தொடங்கினார்கள். இங்கே தீப்பெட்டி விற்றுவந்த சுவீடன் நிறுவனமும் இறக்குமதியை மட்டும் நம்பியிராமல் இங்கேயே ஆலை வைத்தது. 1928இல் அந்த வரி, தொழிலைக் காக்கும் வரியாகவே அறிவிக்கப்பட்டது. வரியின் பலனை இவ்வளவு நேரடியாகக் கண்ட ஊர் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

வரியின் சுமையையும் இந்த ஊர் அதே அளவுக்குக் கண்டது. 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் பேண்ட்ரோல் என்ற மெல்லிய தாள்பட்டை ஒட்டவேண்டும். பெட்டியைத் திறப்பவர் அதைக் கிழித்துத்தான் குச்சியை எடுக்கவேண்டும். பணத்தை அரசிடம் கட்டியவர் ஆலைக்காரர். அதைக் கடைசியில் சுமந்தவர் அடுப்பு மூட்டியவர். கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கும்போது எழுகிற கேள்வியும் இதுதான்: அந்தப் பணம் கட்டியவருடையதா, சுமந்தவருடையதா?

1958இல் உச்ச நீதிமன்றம், கன்னையாலால் சராஃப் வழக்கில், தவறாகக் கட்டிய வரியை ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி கட்டியவரே திரும்பப் பெறலாம் என்றது. வாங்கியவரிடம் வரியை வசூலித்துக்கொண்டு, பிறகு அரசிடமும் அதே வரியைத் திரும்ப வாங்க அது வழிவிட்டது. 1991இல் கலால், சுங்கச் சட்டங்கள் திருத்தப்பட்டன. சுமையைப் பிறர் தலையில் ஏற்றவில்லை என்று காட்டினால்தான் பணம் கைக்கு வரும். இல்லையென்றால் நுகர்வோர் நல நிதிக்குப் போகும். 1996 டிசம்பரில் மஃபத்லால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதை உறுதிசெய்தது. 2000இல் சோலார் பெஸ்டிசைட்ஸ் வழக்கில், இறக்குமதி செய்த மூலப்பொருளைத் தன் ஆலையிலேயே பயன்படுத்தினாலும் விதி பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. இந்தக் கொள்கை நியாயமானது. பேண்ட்ரோல் ஒட்டிய பெட்டியைப் பார்த்தவர் இதை மறுக்கமாட்டார்.

சங்கடம் கொள்கையில் இல்லை, சுங்கச் சட்டத்தின் 28டி பிரிவு வைக்கும் ஊகத்தில் இருக்கிறது. வரி கட்டியவர் மறுத்து நிரூபிக்கும்வரை, முழுச் சுமையையும் வாங்கியவர் மேல் ஏற்றிவிட்டதாகவே அது கருதுகிறது. தீப்பெட்டிக்கு இது சரிவருமா? 2007இல் ஒரு ரூபாயான பெட்டி, 2021 டிசம்பர் 1வரை ஒரு ரூபாயாகவே இருந்தது. இடையில் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்கு ஏறியது. மெழுகு 58லிருந்து 80 ஆனது. இறக்குமதி செய்த மூலப்பொருளுக்கு ஒருவர் தவறான சுங்கத் தலைப்பில் கூடுதல் வரி கட்டியிருந்தால், பெட்டி வாங்கியவரிடம் ஒரு காசுகூட ஏற்றியிருக்க முடியாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. 2004இல் அலைடு ஃபோட்டோகிராஃபிக்ஸ் வழக்கில், விலை மாறாமல் இருந்தது மட்டுமே சுமை ஏற்றப்படவில்லை என்பதற்கு ஆதாரமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு ரூபாய் என்பது கடை விலைதான். ஆலையில் 600 பெட்டி கொண்ட பண்டல் 270இலிருந்து 300 ரூபாய்வரை விற்றது, அதாவது பெட்டிக்கு ஏறக்குறைய ஐம்பது பைசா. மீதி இடையில் இருப்பவர்களுக்கும் போக்குவரத்துக்கும் போனது. ஆகவே கடை விலை அசையாமலே ஆலை விலை ஏற இடமுண்டு. உண்மைதான். ஆனால் அந்த உண்மையே வழியையும் காட்டுகிறது: பார்க்கவேண்டியது பெட்டியில் அச்சிட்ட விலையை அல்ல, பண்டல் பில்லை. கூடுதல் வரி கட்டிய மாதத்துக்கு முன்னும் பின்னும் போட்ட பில்களில் விலை ஏறவில்லை, வரித்தொகை வரவேண்டிய பாக்கியாகக் கணக்கில் நிற்கிறது என்றால் ஊகம் உடைந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அதிகாரி ஊகத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், சட்டம் காக்க நினைத்த நுகர்வோருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. இறக்குமதியின்போது கட்டும் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியை உள்ளீட்டு வரியாக ஈடுகட்டிக்கொள்ளலாம். அடிப்படைச் சுங்கவரிக்கு அந்த வழி இல்லாததால் நட்டம் ஆலையிலேயே தங்குகிறது.

காலக்கெடுவும் சிறு ஆலைகளுக்கு எதிராகவே இருந்தது. சுங்கச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி கூடுதல் வரியை ஓராண்டுக்குள் திரும்பக் கேட்கவேண்டும். எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டியிருந்தால் மட்டும் அந்தக் கெடு இல்லை. 2019இல் ஐ.டி.சி. வழக்கில், சுயமதிப்பீட்டை முதலில் மாற்றாமல் பணத்தைக் கேட்கவே முடியாது என்று தீர்ப்பானது. அரசின் கணக்கு என்றாவது ஒருநாள் முடியவேண்டும் என்ற வாதம் சரிதான். ஆனால் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க முகவர் நிரப்பிய இறக்குமதித் தாளில் விழுந்த பிழையைத் திருத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு என்பது, கணக்குப்பிள்ளை ஒருவரே எல்லாமுமாக இருக்கும் ஆலைக்கு எட்டாத வழி. 2025 நிதிச் சட்டம் சேர்த்த 18ஏ பிரிவு, சரக்கு வெளியேறிய பிறகும் இறக்குமதியாளர் தாமே பதிவைத் திருத்தி, கூடுதல் பணத்தைக் கோர இடம் தருகிறது. விருதுநகர் மாவட்ட ஆலைக்காரர்கள் இதைப் பயன்படுத்தவேண்டும். சந்தேகம் உள்ள வரியை எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டுங்கள். அந்தத் தொகையைச் செலவில் எழுதாமல் வரவேண்டிய பாக்கியில் எழுதுங்கள். முன்னும் பின்னும் உள்ள பண்டல் பில்களை, தணிக்கையாளர் சான்றோடு ஒரே கோப்பில் வையுங்கள்.