இருபத்து மூன்றாவது கோப்பை

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கால்பந்து அணி எத்தனை முறை தேசியக் கோப்பையை வென்றிருக்கிறது? யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பதிவேட்டில் 22 என்றிருக்கிறது. சேப்பல் ஹில் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தைக் கேட்டால் 23 என்பார்கள். இரண்டுமே பொய்யில்லை. கணக்கில் இடிக்கும் அந்த ஒரு கோப்பை 1981 நவம்பரில் வென்றது. அதைக் கொடுத்த அமைப்பு அடுத்த ஏழு மாதங்களில் இழுத்து மூடப்பட்டது. அது முழுக்கப் பெண்களே நடத்திய அமைப்பு. விளையாட்டு வரலாறுகளில் இந்தச் செய்தி பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்போடு முடிந்துவிடுகிறது. எனக்கோ அந்த அணியின் மற்ற 22 வெற்றிகளைவிட இந்த அடிக்குறிப்புதான் சுவாரசியமாகத் தெரிகிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். அமெரிக்காவில் ‘ஃபுட்பால்’ என்றால் தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் அணிந்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். நாம் கால்பந்து என்பதை அவர்கள் ‘சாக்கர்’ என்பார்கள். முன்னது ஆண்களின் ஆட்டம். பணமும் தொலைக்காட்சியும் அரசியல் செல்வாக்கும் அதன் பின்னால் நிற்கின்றன. இந்தக் கதையில் அந்த ஆட்டம் மைதானத்துக்கு வரப்போவதில்லை. ஆனால் அதைக் காப்பாற்ற நடந்த சண்டைகள் வரும்.

கல்லூரிக் கால்பந்துப் பருவம் ஆகஸ்டில் தொடங்கும். நவம்பர்வரை லீக் ஆட்டங்கள். அதன் பிறகு தேர்வான அணிகள் மட்டும் ஆடும் தேசியப் போட்டி. அதில் தோற்றால் வீடு, மறுவாய்ப்பு கிடையாது. இன்று 64 அணிகள் ஆடுகின்றன. கடைசி நான்கு அணிகள் மோதும் கட்டத்துக்குக் ‘காலேஜ் கப்’ என்று பெயர். பருவம் முழுக்க அடித்த கோல்கள் அந்த மூன்று வாரங்களில் யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே அந்தக் கடைசிப் போட்டி யார் கையில் இருக்கிறதோ, விளையாட்டும் அவர்கள் கையில்தான்.

1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவு ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் 37 சொற்கள். மத்திய அரசின் பணம் பெறும் கல்வித் திட்டங்களில் பாலின அடிப்படையில் யாரையும் விலக்கக்கூடாது என்பதுதான் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஹவாய்த் தீவிலிருந்து நாடாளுமன்றத்துக்கு வந்த பேட்ஸி மிங்க், ஜப்பானிய வம்சாவளிப் பெண். பெண் என்பதால் மருத்துவக் கல்லூரிகளின் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. அதனால் சட்டம் படித்தவர்.

சட்டம் வந்த ஆண்டில் கல்லூரி அணிகளில் ஆடிய பெண்கள் சுமார் 30,000 பேர். ஆண்கள் 1,70,000 பேர். சட்டம் விளையாட்டுத் திடலுக்கும் பொருந்தும் என்று உணர்ந்தவுடன் என்சிஏஏ பதறியது. வருமானம் தரும் ஆட்டங்களுக்கு விலக்குக் கேட்டு டெக்சாஸ் மேலவை உறுப்பினர் ஜான் டவர் 1974இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வருமானம் தரும் ஆட்டம் என்றால் எது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் திருத்தம் நிலைக்கவில்லை. 1976இல் என்சிஏஏ நீதிமன்றத்துக்கே போனது. அங்கும் பலிக்கவில்லை.

இதே காலத்தில், யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு மூலையில், பெண்கள் தங்கள் விளையாட்டைத் தாங்களே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஏஐஏடபிள்யூ என்பது அவர்கள் அமைப்பின் சுருக்கப் பெயர். 1971இல் தொடங்கியது. தொடங்கியவர்கள் கல்லூரிகளின் உடற்கல்வி ஆசிரியைகள். ஆண்கள் விளையாட்டில் நடந்த கூத்துகளை, அதாவது வீரர்களை விலைக்கு வாங்குவது, படிப்பை மறந்துவிடுவது, பயிற்சியாளரைக் கடவுளாக்குவது போன்றவற்றை அவர்கள் அருகிலிருந்து பார்த்தவர்கள். தங்கள் வீட்டுக்கு அது வரக்கூடாது என்று நினைத்தார்கள். வீராங்கனைகளை வளைத்துப் போடக் கல்லூரிகள் ஊர் ஊராகச் செலவு செய்யக்கூடாது என்று விதி வைத்தார்கள். ஒரு பெண் கல்லூரி மாறினால் காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்றார்கள். முடிவெடுக்கும் குழுக்களில் மாணவிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். தொடக்கத்தில் விளையாட்டு உதவித்தொகையையே மறுத்தார்கள். அது அளவுக்கு மீறிய ஆசாரம் என்பது என் எண்ணம். ஆணுக்குக் கிடைக்கும் பணத்தைப் பெண்ணுக்கு மறுத்துவிட்டுத் தூய்மை பேச முடியாது. ஃபுளோரிடாவில் சில வீராங்கனைகளும் அவர்களுடைய ஆசிரியைகளும் வழக்குத் தொடுத்தபின் 1973இல் அந்தத் தடை நீங்கியது.

பத்தே ஆண்டுகளில் இந்த அமைப்பில் ஆயிரத்தை நெருங்கும் கல்லூரிகள் சேர்ந்தன. 19 வகை விளையாட்டுகளுக்குத் தேசியப் போட்டி நடந்தது. தொலைக்காட்சி ஒப்பந்தம்கூட வந்துவிட்டது.

சேப்பல் ஹில் கதை இங்கேதான் தொடங்குகிறது. அங்கே படித்த பெண்கள் சிலர் கிளப் அணியாக, தங்களுக்குள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பல்கலைக்கழகத்தின் முறையான அணியாக அங்கீகரியுங்கள் என்று நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தார்கள். ஒன்பதாம் பிரிவை அமல்படுத்தக் கல்லூரிகளுக்குத் தந்த கெடு முடிந்திருந்த சமயம். மறுப்பது எளிதாக இல்லை. 1979இல் அணி உருவானது. அங்கே ஆண்கள் அணிக்குப் பயிற்சியளித்து வந்த ஆன்சன் டோரன்ஸிடமே பெண்கள் அணியும் ஒப்படைக்கப்பட்டது. இவர் பம்பாயில் பிறந்தவர், எண்ணெய் நிறுவன அதிகாரியின் மகன் என்பது உபரித் தகவல். பின்னாளில் எழுதப்பட்ட எல்லா வரலாறுகளும் டோரன்ஸிலிருந்துதான் தொடங்குகின்றன. மனுக் கொடுத்த பெண்களிலிருந்து தொடங்கினால் என்ன குறைந்துவிடும்?

1981இல் ஏஐஏடபிள்யூ முதன்முறையாகப் பெண்கள் கால்பந்துக்குத் தேசியப் போட்டி நடத்தியது. இடம் சேப்பல் ஹில். இறுதி ஆட்டத்தில் சென்ட்ரல் ஃபுளோரிடா அணியை வட கரோலினா 1-0 என்று வென்றது. அந்த அமைப்பு நடத்திய முதல் கால்பந்துக் கோப்பையும் அதுதான், கடைசிக் கோப்பையும் அதுதான்.

ஏனென்றால் அந்த ஆண்டு ஜனவரியிலேயே மேலே வேறொரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. பெண்கள் விளையாட்டை ஒழிக்க முடியவில்லை; அப்படியானால் நாமே நடத்துவோம் என்ற முடிவுக்கு என்சிஏஏ வந்தது. முதல்நிலைக் கல்லூரிகளின் பெண்களுக்கும் தேசியப் போட்டி நடத்தும் தீர்மானம் அதன் மாநாட்டில் முதலில் நிறைவேறவில்லை. மறுபடியும் வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் அயோவாப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் கிரான்ட். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பெண்கள் அமைப்பின் தலைவராக இருந்தவர். ஆனால் என்சிஏஏ சண்டை போடவில்லை, விலை பேசியது. எங்கள் போட்டிக்கு வாருங்கள், பயணச் செலவு எங்களுடையது, உங்கள் கல்லூரி ஆண்களுக்காகக் கட்டும் சந்தாவே போதும், பெண்களுக்குத் தனியாக வேண்டாம், தொலைக்காட்சியிலும் காட்டுகிறோம். பேருந்துக் கட்டணத்துக்கே அல்லாடிய பெண்கள் துறைகள் என்ன செய்யும்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1982 மார்ச் 28 அன்று பெண்கள் கூடைப்பந்துக்கு இரண்டு தேசிய இறுதி ஆட்டங்கள் ஒரே நாளில் நடந்தன. பெண்கள் அமைப்பின் இறுதியில் ரட்கர்ஸ் அணி டெக்சாஸை வென்றது. என்சிஏஏயின் முதல் இறுதியில் லூசியானா டெக் அணியிடம் செய்னி கல்லூரி தோற்றது. செய்னி கறுப்பின மக்களுக்கான பழமையான கல்லூரி. அதன் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கர் என்ற கறுப்பினப் பெண். ஒரு வரலாறு மூடிய நாளிலேயே இன்னொன்று திறந்தது. எது வெற்றி, எது தோல்வி என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாத நாள் அது. ஜூன் 30 அன்று ஏஐஏடபிள்யூ தன் கடையைக் கட்டியது. ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் என்சிஏஏ மீது அது தொடுத்திருந்த வழக்கும் தோற்றது; 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது.

அந்த 1982 இலையுதிர் காலத்தில் என்சிஏஏ தன் முதல் பெண்கள் கால்பந்துப் போட்டியை 12 அணிகளோடு நடத்தியது. இறுதியில் ஆடியவை அதே இரு அணிகள். வட கரோலினா 2-0 என்று வென்றது. என்சிஏஏயின் பதிவேடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிறகு நடந்தது வேட்டை. 1983, 1984 கோப்பைகளும் அவர்களுக்கே. 1985 இறுதியில் ஜார்ஜ் மேசன் அணியிடம் தோற்றார்கள். 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது கோப்பைகள். இடையில் 103 ஆட்டங்கள் தோல்வியே காணாமல் ஆடினார்கள். 1989இல் மியா ஹாம் என்ற பெண் சேர்ந்தார். ஆடிய நான்கு பருவங்களிலும் கோப்பை வென்றார். 1991இல் மட்டும் கல்லூரிக்கு ஆடவில்லை, சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகப் போட்டிக்குப் போயிருந்தார். அந்தப் போட்டிக்கு உலகக் கோப்பை என்ற பெயரைத் தர ஃபிஃபாவுக்கு மனம் வரவில்லை. ஆட்டநேரமும் 80 நிமிடங்கள்தான். பெண்களால் 90 நிமிடம் தாங்காது என்ற கவலை போலும். அமெரிக்கா வென்றது. பயிற்சியாளர் டோரன்ஸ், அணியில் பாதிப் பேர் சேப்பல் ஹில் பெண்கள். இறுதியில் இரண்டு கோலையும் அடித்த மிஷெல் ஏகர்ஸ் மட்டும் சென்ட்ரல் ஃபுளோரிடாவில் படித்தவர்.

இந்த அணிகளின் அந்தக் காலப் புகைப்படங்களைப் பாருங்கள், பெரும்பாலும் வெள்ளை முகங்கள். அமெரிக்காவில் சிறுமிகளின் கால்பந்து, புறநகர்ப் பெற்றோர் கைக்காசு கட்டி அனுப்பும் கிளப்புகளில் வளர்ந்தது. சட்டம் கதவைத் திறந்தாலும் கதவுவரை வந்து சேரப் பணம் வேண்டியிருந்தது.

1998இல் இரண்டு முன்னாள் வீராங்கனைகள் பல்கலைக்கழகத்தின் மீதும் பயிற்சியாளர் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். வீராங்கனைகளின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிப் பயிற்சியாளர் கேள்வி கேட்டார், பாலியல் பேச்சுகளில் பங்கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. பாலியல் துன்புறுத்தல் இல்லை என்று டோரன்ஸ் மறுத்தார். ஒருவரின் வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தது. இன்னொருவர் விடவில்லை. கீழ் நீதிமன்றம் விசாரணைக்கே தகுதியில்லை என்று தள்ளியதை 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு மாற்றியது. நடுவர் குழு கேட்கவேண்டிய வழக்கு இது என்றது. 2008 தொடக்கத்தில் அதுவும் சமரசமானது: 3,85,000 டாலர், பயிற்சியாளரிடமிருந்து மன்னிப்புக் கடிதம், பல்கலைக்கழகம் தன் புகார் நடைமுறைகளை மறுபரிசீலனை செய்யும் என்ற உறுதி. நடுவர் குழு முன் விசாரணை நடக்காததால் குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவும் இல்லை, பொய்யென்று ஆகவும் இல்லை. பெண்கள் பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேறியதற்குப் பயன்பட்ட சட்டம் எது தெரியுமா? அதே ஒன்பதாம் பிரிவு. அணியைப் பிறப்பித்த சட்டமே அணிக்குள் நடப்பதைக் கேள்வி கேட்கவும் இடம் கொடுத்தது. அந்தப் பத்தாண்டுகளில் அணி 1999, 2000, 2003, 2006 கோப்பைகளை வென்றது. 2003 இறுதியில் கனெக்டிகட் அணிக்கு ஆறு கோல். யாரை ஆடவிடுவது, யாருக்குத் தேசிய அணி வாசலைக் காட்டுவது என்பதெல்லாம் ஒரே மனிதரின் கையில் இருக்கும் இடத்தில் பத்தொன்பது வயதுப் பெண் வாய் திறப்பது எப்படி? பெண்கள் அமைப்பு எதைத் தடுக்க நினைத்ததோ அதில் இதுவும் ஒன்று.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1972இல் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பெண்கள். 2014இல் 43 பேர். சம்பளமும் மதிப்பும் கூடிய வேலைக்கு ஆண்கள் வந்தார்கள். தனியாக இருந்த பெண்கள் துறையை ஆண்கள் துறையோடு இணைத்தபோது மேலே உட்கார்ந்தவர் அநேகமாக ஓர் ஆண். ஆடும் பெண்கள் பெருகினார்கள், ஆட்டத்தை நடத்தும் பெண்கள் சுருங்கினார்கள்.

கால்பந்தில் ஒரு பெண் பயிற்சியாளரின் அணி என்சிஏஏ கோப்பையை வெல்ல 1998 ஆகிவிட்டது. பெக்கி பர்லியின் ஃபுளோரிடா அணி, தொடங்கி நான்கே பருவங்கள் ஆன அணி, இறுதியில் வட கரோலினாவையே 1-0 என்று வீழ்த்தியது. 2022 இறுதி இன்னும் விசேஷம். வட கரோலினா 2-0 என்று முன்னிலையில் இருந்தது, பத்து நிமிடம்தான் பாக்கி. யுசிஎல்ஏ ஒரு கோல் அடித்தது. பதினாறு விநாடிகள் மிச்சமிருக்கையில் இரண்டாவது. கூடுதல் நேரத்தில் மூன்றாவது. யுசிஎல்ஏவின் பயிற்சியாளர் மார்கரிட் அவோசாசாவுக்கு அது தலைமைப் பொறுப்பில் முதல் ஆண்டு.

டோரன்ஸ் 2024 ஆகஸ்டில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது ஓய்வை அறிவித்தார். நாற்பத்தைந்து ஆண்டுகள். அவருடைய உதவியாளர் டேமன் நஹாஸ் இடைக்காலப் பொறுப்பேற்றார். டிசம்பர் 9 அன்று பக்கத்து ஊரான கேரியில், வேக் ஃபாரஸ்ட் அணியை 1-0 என்று வென்று பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். என்சிஏஏ கணக்கில் 22ஆவது. அதன்பின் நஹாஸே நிரந்தரமாக நியமிக்கப்பட்டார். 1979 முதல் இதுவரை அந்த அணிக்கு ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளர் வந்ததில்லை.