ஆத்தங்குடிக் கற்கள்

ஆத்தங்குடிக் கற்கள் என்பவை சிவகங்கை மாவட்டம் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் வண்ணத் தரைக்கற்கள் ஆகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரத்தார் கட்டிய செட்டிநாட்டு வீடுகளில் இவை பெரிதும் பதிக்கப்பட்டன.

கண்ணாடிப் பலகைமேல் வைத்த அச்சில் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துவர், சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியே கல்லுக்கு வழவழப்பைத் தருகிறது.

சிமெண்டால் ஆனதால், அமிலம் பட்டால் இதன் மேற்பரப்பு அரிக்கப்படும். வறண்ட அப்பகுதியில் காற்றோடு வரும் மணலும் தரையைக் கீறும். எனவே நாள்தோறும் பெருக்கி, ஈரத்துணியால் துடைப்பர். தேங்காய் எண்ணெய் சிறிது சேர்ப்பதும் உண்டு. புழங்கப் புழங்க மெருகேறும் இத்தரை, பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பொலிவிழந்து விடுகிறது.