தற்கொலையும் பரம்பரையும்: தமிழக ஆய்வுகள் வழி ஒரு வரலாற்று நோக்கு

ஒரே குடும்பத்தில் இருவர் தற்கொலை செய்துகொண்டால், 'அது அந்த வீட்டு இரத்தத்திலேயே இருக்கிறது' என்று ஊர் பேசுவதுண்டு. பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கச் செய்யும் இப்பேச்சுக்கு அறிவியல் எந்த அளவு துணைநிற்கிறது என்பது ஆராயத்தக்கது.

இவ்வினாவை முறையாக எழுப்பிய தொடக்க ஆய்வுகளுள் ஒன்று டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகளைக் கொண்டு 1979இல் வெளிவந்தது. தற்கொலையால் இறந்த 57 தத்துப்பிள்ளைகளின் குருதியுறவினர் 269 பேரில் 12 பேர் அவ்வாறே இறந்திருந்தனர். ஒப்பீட்டுக் குழுவிலோ இருவர் மட்டுமே. 1991இல் ராய் குழுவினர் ஆராய்ந்த ஒருகரு இரட்டையர் 62 இணைகளில் ஏழில் இருவருமே தற்கொலையால் இறந்திருந்தனர். இருகரு இரட்டையர் 114 இணைகளில் அவ்வெண்ணிக்கை இரண்டே. பரம்பரைக்குப் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. ஆனால் ஒரே மரபணுக்களைக் கொண்ட எஞ்சிய 55 இணைகளில் ஒருவர் மட்டுமே அவ்வாறு இறந்தார் என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். இதை எடுத்துக்காட்டுவோர் குறைவு. தற்கொலைக்கு முயன்ற ஏறத்தாழ 30,000 பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்விலும், பொதுவான மரபணு வேறுபாடுகளால் விளக்க முடிந்த பங்கு சுமார் 7 விழுக்காடே.

சென்னையில் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, தற்கொலையால் இறந்த 100 பேரை வேறு 100 பேரோடு ஒப்பிட்டது. குடும்பத்தில் மனநோய் வரலாறு இருப்பது ஆபத்தைப் பன்மடங்காக்கும் என அது கண்டது. எனினும் குடும்ப வரலாறு என்பது மரபணு மட்டுமன்று. ஒரு கூரையின் கீழ் வாழ்வோர் கடனையும் குடியையும் பரணில் வைத்த பூச்சிமருந்தையும் சேர்த்தே பகிர்கின்றனர்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் வீடுவீடாகத் திரட்டிய தரவு இன்னும் கூர்மையானது. 10 முதல் 19 வயதினரில் தற்கொலை வீதம் ஆண்டுக்கு லட்சத்துக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58 என 2004இல் அவர்கள் வெளியிட்டனர். உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆண்களின் வீதமே மிகுதி. அண்ணனும் தங்கையும் ஒரே பெற்றோரின் மரபணுக்களைப் பெற்றவர்கள். பெண்பிள்ளைகளை மட்டும் இவ்வளவு பாதிப்பது எது என்பதற்கு விடையைக் குருதியில் தேடுவது பொருந்தாது.

இலங்கையில் 1995இல் லட்சத்துக்கு 47ஆக இருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிக்கொல்லிகள் தடைசெய்யப்பட்டபின் 2005க்குள் பாதியானது. அப்பத்தாண்டில் மக்களின் மரபணு மாறிவிடவில்லை. அதே வழியில்தான் கடலூர் மாவட்டக் காட்டுமன்னார்கோவில் பகுதியின் இரு சிற்றூர்களில், பூச்சிமருந்தை வீட்டில் வையாமல் பூட்டுப்பெட்டிகளில் பாதுகாக்கும் பொதுக்கிடங்குகள் சோதனை முறையில் அமைக்கப்பட்டன.