நொய்! – இருவர் படைத்த புதிய இசை



நொய் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது உடைந்த அரிசி. கஞ்சி காய்ச்சுவதற்கு உகந்தது. ஆனால் ஜெர்மானிய மொழியில் இதே ஒலியுடைய சொல்லுக்குப் 'புதிது' என்பது பொருள். கடைகளில் சவுக்காரத் தூள் பெட்டியின் மேல் 'புதிது!' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள் அல்லவா? அந்தச் சொல்தான் அது. அதையே தங்கள் குழுவின் பெயராகச் சூட்டிக்கொண்டு, 1971ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் இரண்டு இளைஞர்கள் இசைத் துறையில் இறங்கினார்கள். ஒருவர் தாளக் கருவி வாசித்த கிளாவுஸ் டிங்கர்; மற்றவர் கிதார் வாசித்த மிஹாயேல் ரோத்தர். 1972 முதல் 1975 வரை அவர்கள் வெளியிட்ட நெடுந்தட்டுகள் மூன்றே மூன்று. பெரும்பாலும் பாட்டில்லாத கருவி இசை. ஆயினும் பின்வந்த ராக் இசையின் போக்கையும் மின்னணு இசையின் போக்கையும் அந்த மூன்று தட்டுகள் மாற்றின. அவர்களது வரலாற்றை இன்று காண்போம்.

முதலில், 'புதிது' என்ற சொல் அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று? 1945இல் போர் முடிந்தபோது ஜெர்மனி இடிபாடுகளின் குவியலாகக் கிடந்தது. அதன்பின் வளர்ந்த தலைமுறையினர் தங்கள் பெற்றோர் வாழ்ந்த காலத்தை எண்ணி வெட்கினர். அந்தக் காலத்தோடு ஒட்டிய எதையும் தொடர அவர்களுக்கு மனம் வரவில்லை. எனவே இளைஞர்கள் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் பார்த்துப் பாடினார்கள். ரோத்தரும் தொடக்கத்தில் அப்படித்தான் புகழ்பெற்ற கிதார் கலைஞர்களின் வாசிப்பைப் படியெடுத்துப் பழகினார். ஆனால் ஒரு கட்டத்தில், பிறருடைய குரலில் எத்தனை நாள் பேசுவது என்ற கேள்வி அவரை வாட்டத் தொடங்கியது. பழையதும் வேண்டாம், இரவலும் வேண்டாம் என்றால் எஞ்சுவது யாது? புதிதாக ஒன்றைத் தாமே தேடுவதுதான்.

டிங்கர் 1946ஆம் ஆண்டில் பிறந்தவர். கட்டடக் கலை பயின்று, அதை இடையில் விட்டுவிட்டு இசைக்கு வந்தவர். எதையும் உரத்த குரலில் சொல்பவர். முன்கோபமும் பிடிவாதமும் உடையவர். ரோத்தர் 1950ஆம் ஆண்டில் ஹம்பர்க் நகரில் பிறந்தவர். அமைதியானவர், இனிமையை நாடுபவர். 1960களின் தொடக்கத்தில் அவருடைய குடும்பம் சில ஆண்டுகள் பாகிஸ்தானின் கராச்சி நகரில் வாழ்ந்தது. அங்கே சிறுவனாக அவர் கேட்ட இசைக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாதது போல் தோன்றியதாம். அந்த எண்ணம் தம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டதாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

இவ்விருவரையும் சேர்த்து வைத்தது கிராஃப்ட்வெர்க் என்னும் குழு. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அந்தக் குழு அப்போது உருப்பெறும் நிலையில்தான் இருந்தது. டிங்கர் அதில் ஏற்கெனவே தாளம் வாசித்து வந்தார். ரோத்தரோ இராணுவச் சேவைக்கு மாற்றாக ஒரு மனநல மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். நண்பர் ஒருவருடன் தற்செயலாகச் சென்றபோது அந்தக் குழுவின் அறிமுகம் கிடைத்தது. 1971இல் சில மாதங்கள் இருவரும் அக்குழுவில் வாசித்தனர். பின்னர் விலகித் தனியே வந்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில் ஹம்பர்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு இரவுகள் அவர்களுக்குக் கிடைத்தன. துணைக்கு நின்றவர் கோனி பிளாங்க் என்னும் ஒலிப்பதிவாளர். மேடையில் தோன்றாத மூன்றாவது கலைஞர் என்றே இவரைச் சொல்லலாம். முதல் இரண்டு நாள்கள் எதுவும் கைகூடவில்லை. அந்த முட்டுக்கட்டையை உடைத்தது ஜப்பானிய பான்ஜோ என்று டிங்கர் பின்னர் சொன்னார். நேயர்களே, இந்தக் கருவி நமக்கு அந்நியமானதன்று. தட்டச்சுப் பொறிபோல் விசைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராதான் அது! 1912இல் ஜப்பானின் நகோயா நகரில் உருவான டைஷோகோட்டோ என்னும் கருவி இந்தியாவுக்கு வந்து புல்புல்தாராவாயிற்று. ஜெர்மனியில் அதற்கு ஜப்பானிய பான்ஜோ என்று பெயர்.

அந்த முதல் நெடுந்தட்டு 1972இல் வெளிவந்தது. அதன் தொடக்கமாக அமைந்தது 'ஹாலோகாலோ' என்ற பத்து நிமிட இசை. அதில் டிங்கர் வாசித்த தாளத்தைச் சற்று விளக்க வேண்டும். நான்கு அடிகள், காலால் மிதிக்கும் பெருமுரசு, இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் சிறுமுரசு, இடைவிடாத தாளத்தட்டு. அவ்வளவே. நம் மிருதங்க வித்துவான்கள் கோர்வைகளை ஒதுக்கிவிட்டுச் சர்வலகுவாக வாசித்துச் செல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நடையைப் பத்து நிமிடம் தளராமல் கொண்டுபோவதாக எண்ணிப் பாருங்கள். அதன் மேலே, நம் சுருதியைப்போல், ஒரே சுர அடிப்படை நிலையாக நிற்கிறது. ரோத்தரின் கிதார் அதன்மேல் அடுக்கடுக்காக மிதக்கிறது. பிளாங்க் ஒலிநாடாவைத் திருப்பிப் போட்டுப் பின்னோக்கி ஓடச் செய்ததால், சில கிதார் ஒலிகள் அடங்கியிருந்து எழுவனபோல் கேட்கின்றன. பெரிய மின்னணு இயந்திரங்கள் ஏதுமின்றி, ஒலிநாடாவையும் சில ஒலிமாற்றுப் பெட்டிகளையும் கொண்டே அவர்கள் இந்தப் புதிய ஒலியை ஆக்கினார்கள்.

பத்திரிகையாளர்கள் இந்தத் தாளத்துக்கு 'மோட்டோரிக்' என்று பெயரிட்டனர். பொறி ஓடுவது போன்றது என்பது கருத்து. டிங்கருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இது இயந்திரத்தின் தாளமன்று, ஓய்ந்து நிற்காமல் முன்னே செல்லும் மனிதனின் தாளம் என்பது அவர் கருத்து. நீண்ட நேர்கோடு என்றே அவர் அதை அழைத்தார்.

1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டாம் தட்டின் பதிவு நடந்தது. ஒரு பக்கம் முடிந்தபோது பணமும் நேரமும் தீர்ந்துவிட்டன. மற்றொரு பக்கத்துக்கு என்ன செய்வது? முந்திய ஆண்டில் வெளியிட்ட 'நொய்ஷ்னே', 'சூப்பர்' என்ற இரு பகுதிகள் கொண்ட சிறுதட்டு அவர்களிடம் இருந்தது. நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ஓட வேண்டிய அதனை 78இலும் 16இலும் ஓடவிட்டுப் பதிவு செய்தனர். அந்த ஒலிகளைக் கொண்டே பக்கத்தை நிரப்பினர். வாங்கியவர்களுள் பலர் ஏமாற்றப்பட்டதாகச் சினந்தனர். இது கலைச் சிந்தனை என்றார் டிங்கர். வேறு வழியில்லாமல் செய்தது என்பதை ரோத்தர் மறைக்கவில்லை. எப்படியாயினும், ஆயத்தமான இசையை எடுத்து உருமாற்றி மீண்டும் படைப்பது பிற்காலத்தில் உலகெங்கும் வழக்கமாயிற்று. நல்ல அரிசி தீர்ந்தபின் நொய்யில் காய்ச்சிய கஞ்சி என்று அந்தப் பக்கத்தைச் சொன்னால் பொருந்தும்.

அதே ஆண்டில் ரோத்தர் வீசர் ஆற்றங்கரையிலுள்ள ஃபோர்ஸ்ட் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த ரோடேலியுஸ், மோபியுஸ் என்ற இரு மின்னணு இசைக் கலைஞர்களுடன் கூடி ஹார்மோனியா என்னும் குழுவை அமைத்தார். 1974ஆம் ஆண்டு இறுதியில் மீண்டும் டிங்கருடன் சேர்ந்தார். ஆனால் அதற்குள் இருவர் பாதைகளும் பிரிந்துவிட்டன. மூன்றாம் தட்டான 'நொய்! 75' அதை ஒளிக்கவில்லை. முதற்பக்கம் ரோத்தரின் விருப்பப்படி அமைந்தது. அமைதியான அலைபோல் தவழ்வது. மறுபக்கம் டிங்கருடையது. அவர் முரசை வேறு இருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிதாரைக் கையில் ஏந்தி, ஆவேசக் குரலில் பாடினார். பங்க் இசை இங்கிலாந்தில் எழுவதற்கு முன்பே அதன் சீற்றத்தை இந்தப் பக்கத்தில் கேட்கலாம். தட்டு வந்தது; குழு கலைந்தது.

டிங்கர் லா டுசல்டோர்ஃப் என்ற குழுவைத் தொடங்கினார். ரோத்தர் 1977இல் தம் முதல் தனித்தட்டை வெளியிட்டார். 1985, 1986ஆம் ஆண்டுகளில் இருவரும் மறுபடி முயன்றனர்; பணி முடியாமலே நின்றது. 1995இல் அந்தப் பதிவுகளை ரோத்தரின் இசைவைப் பெறாமலே டிங்கர் ஜப்பானில் வெளியிட்டார். மனக்கசப்பு முற்றியது. இதன் விளைவு யாது? பழைய மூன்று தட்டுகளைக் குறுந்தட்டாக வெளியிட இருவரும் ஒப்பவேண்டும். அந்த ஒப்புதலோ கிட்டவில்லை. டேவிட் போவி போன்ற பெருங்கலைஞர்கள் போற்றிய இசை, கள்ளப் பதிப்புகளின் வழியேதான் இளைஞர்களைச் சென்றடைந்தது. படைத்த இருவருக்கும் அதனால் பயனில்லை. கடைசியில் ஜெர்மானியப் பாடகர் ஹெர்பர்ட் குரோனெமாயர் முன்னின்று இருவரையும் இணங்க வைத்தார். 2001ஆம் ஆண்டில் மூன்று தட்டுகளும் முறையாக மறுபதிப்புக் கண்டன. அவற்றை வெளிக்கொணர்ந்த கோனி பிளாங்க் அதைக் காண உயிரோடு இல்லை, 1987இலேயே மறைந்துவிட்டார். டிங்கர் 2008 மார்ச்சு மாதம் காலமானார். முடிவுறாத பதிவுகளை ரோத்தர் செம்மைப்படுத்தி 2010இல் வெளியிட்டார்.

நேயர்களே, ஒத்த இயல்புடைய இருவர் கூடியிருந்தால் இந்த இசை பிறந்திருக்குமா என்பது ஐயமே. டிங்கரின் வேகம் மட்டும் இருந்திருந்தால் அது இரைச்சலாக முடிந்திருக்கலாம். ரோத்தரின் இனிமை மட்டும் இருந்திருந்தால் உறக்கத்தில் ஆழ்த்தியிருக்கலாம். இரண்டும் மோதிய இடத்தில்தான் புதுமை தோன்றியது. ஆனால் அந்த மோதலே அவர்களைப் பிரித்தது. அவர்களது படைப்பையும் கால் நூற்றாண்டுக் காலம் கட்டிப்போட்டது. இணைந்து படைப்பதைவிட, படைத்ததை இணைந்து காப்பது கடினம் போலும். ஆயினும் அந்தத் தாளம் இன்றும் நேர்கோட்டில் சென்றுகொண்டேயிருக்கிறது. அதைக் கேட்பவர்க்கு இன்றும் அது புதிதுதான்.